குதிரைத் திடலின் மண்மேல் போட்ட பழி

1

எங்கள் குதிரைப் பந்தயத் திடலுக்கு நூறு வயது ஆனதைக் கொண்டாட ஒரு கேக் வந்தது. அதன் மேல் குதிரை மாதிரி ஒன்று இருந்தது. நாய் என்று சொன்னாலும் யாரும் சண்டைக்கு வந்திருக்க மாட்டார்கள். நாட்டின் பந்தயங்களை எல்லாம் நடத்தும் அமைப்பின் தலைமை நிர்வாகி தலைநகரிலிருந்து வந்து அதை வெட்டினார். எல்லோர் கைக்கும் ஒரு துண்டு வந்து சேர்ந்த பிறகு, விரலைத் துடைத்துக்கொண்டு, இந்தத் திடலை மூடுவது பற்றித் தன் அலுவலகம் யோசிப்பதாக அறிவித்தார். வாயில் கேக் இருக்கும்போது யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள் என்று அவருக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். இதற்கெல்லாம் அங்கே வகுப்பு எடுக்கிறார்கள்.

நான் எந்த நாட்டில் இருக்கிறேன் என்று எழுதப் போவதில்லை. தெற்கே ஒரு தீவு, மனிதர்களைவிட ஆடுகள் அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் இவர்கள் சம்பளத்தில்தான் சாப்பிடுகிறேன். பெயரைச் சொல்லிவிட்டு அப்புறம் பயந்துகொண்டு இருப்பதைவிட, முதலிலேயே பயந்துவிடுவது மரியாதை.

ஒரு காலத்தில் இந்த நாட்டில் சனிக்கிழமை என்றால் குதிரைதான். சின்னச் சின்ன ஊரில்கூட ஒரு திடல், பார்வையாளர் உட்கார ஒரு மரக் கூண்டு, தொப்பி போட்ட பெண்கள், குடித்துவிட்டுப் பாடும் ஆண்கள். நான் வந்து பத்தொன்பது வருடத்தில் அதெல்லாம் ஒவ்வொன்றாகப் போனது. காலம் மாறிவிட்டது, பிள்ளைகளுக்குக் கைபேசி போதும் என்கிறார்கள். அது பாதிக் காரணம். மீதிப் பாதியை நான் கிட்டத்தில் இருந்து பார்த்தேன். அதற்குப் பேர் நிர்வாகம்.

2

என் வேலை என்ன என்று ஊரில் யாருக்கும் சரியாகத் தெரியாது. கடலூரில் என் மச்சான் சங்கர், அதாவது தாய்மாமன் மகன், கேட்பவர்களிடம் எல்லாம் "குதிரைக்குப் புல்லு போடுறான்" என்று சொல்லிவைத்திருக்கிறான். உண்மையில் நான் புல்லைக் குதிரையின் வாய்க்குப் போடுவதில்லை, காலுக்குப் போடுகிறேன். ஓடுபாதையின் மண்ணும் புல்லும் என் பொறுப்பு.

பந்தய நாளில் விடிந்ததும் ஓடுபாதையைச் சுற்றி நடந்து, இருபது இடங்களில் எடை கட்டிய ஓர் இரும்புக் கம்பியை மண்ணில் இறக்குவேன். ஒவ்வோர் இடத்திலும் மூன்று முறை. எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்த்து ஓர் எண்ணைச் சொல்வேன். மண் இறுக்கமா, இளக்கமா, குதிரை ஓடலாமா கூடாதா என்பதெல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான். இவ்வளவு எளிமையான ஒரு வேலையை இவர்களால் கெடுக்க முடியும் என்று எனக்கு அப்போது தெரியாது.

எங்கள் வீடு திருவந்திபுரம் பக்கம், கெடிலம் ஆற்றங்கரையில். பிள்ளைக்குப் படிப்பு வரவேண்டும் என்று அம்மா மலைப்படி ஏறி ஹயக்ரீவரிடம் வேண்டிக்கொண்டாள். படிப்பும் வந்தது, சிதம்பரத்தில் விவசாயப் பட்டமும் வந்தது. "குதிரை மொகம் இருக்கிற சாமிகிட்ட வேண்டுனா குதிரை வேலைதான் குடுப்பாரு. வேற மூஞ்சி இருக்கிற சாமிகிட்ட கேட்டிருக்கணும் அத்தை" என்று சங்கர் இன்றுவரை அம்மாவைக் கிண்டல் செய்கிறான்.

அந்தச் சிதம்பரம் பட்டத்தை இந்த நாட்டு அதிகாரிகள் முதல் நாளே ஓரமாக வைத்துவிட்டார்கள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எந்தப் பட்டியலிலும் வரவில்லை, புல் வெட்டும் படிப்பு ஒன்று இருக்கிறது, அதில் சேர்ந்துகொள் என்றாள். மண்ணின் குணங்களை நான்கு வருடம் படித்தவன், இரண்டு வருடம் புல்வெட்டும் இயந்திரத்துக்கு எண்ணெய் போடப் படித்தேன். 'வில் டூ த நீட்ஃபுல்' என்று நான் எழுதிய முதல் கடிதத்தைச் சுவரில் ஒட்டிவைத்துச் சிரித்தார்கள். கடலூர் கலெக்டர் ஆபீஸில் அந்த ஒரு வரிக்குக் கிடைக்கிற மரியாதை இவர்களுக்கு எங்கே தெரியப் போகிறது.

3

பந்தயத்துக்கு ஆள் வருவது குறைந்தபோது தலைமை அலுவலகம் ஓர் ஆய்வு நடத்தியது. சின்னம் பழசு என்பதுதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். குதிரைத் தலையை எடுத்துவிட்டு ஒரு வளைந்த கோடு போட்டார்கள். வேகத்தைக் குறிக்கிறதாம். நாடு முழுக்கப் பலகைகளை மாற்றினார்கள். அந்தக் கோட்டைப் பார்த்து ஒருவரும் பந்தயத்துக்கு வரவில்லை, ஒருவர் கொசுவத்திக் கம்பெனியா என்று கேட்டார்.

அடுத்த ஆய்வு, எங்கேயோ இன்னொரு நாட்டின் சூதாட்டக் கடைத் தொலைக்காட்சியில் வியாழன் மதியம் காலியாக இருப்பதைக் கண்டுபிடித்தது. சனிக்கிழமைப் பந்தயம் வியாழனுக்குப் போனது. வியாழன் மதியம் வேலைவெட்டி உள்ளவன் எவன் வருவான்? ஒரு வியாழன் நான் கூண்டில் தலைகளை எண்ணினேன். பதினொன்று. அதில் நான்கு பேர் ஆம்புலன்ஸ்காரர்கள். பள்ளிக்கூடத்துப் பெற்றோர்கள் நடத்திய சின்னத் தீனிக்கடையை எடுத்துவிட்டு, ஒரு பெரிய கம்பெனிக்குக் கொடுத்தார்கள். வியாபாரம் இல்லை என்று அந்தக் கம்பெனியும் போனது. பிறகு ஓர் அறிக்கை வந்தது, மக்களுக்குப் பந்தயத்தில் ஆர்வம் குறைந்துவிட்டது என்று. கடையைப் பூட்டிவிட்டு வாசலில் நின்றுகொண்டு, ஒருத்தரையும் காணோமே என்று அழுகிற சாமர்த்தியத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

தலைமை நிர்வாகி முன்பு ஐஸ்கிரீம் கம்பெனியில் இருந்தவர். அதற்கு முன்பு விமான நிலையத்தில். குதிரைக்குக் கிட்டே வரமாட்டார், தும்மல் வரும். இது ஒரு குறை என்று அங்கே யாரும் நினைக்கவில்லை, வெளியிலிருந்து வந்த புதிய பார்வை என்றார்கள்.

இதெல்லாம் போகட்டும். மண்ணுக்கு வருகிறேன்.

எங்கள் திடல் ஓர் ஆற்றின் வளைவில் இருக்கிறது. ஆறு எத்தனையோ காலமாகக் கொண்டுவந்து போட்ட வண்டல். கையில் எடுத்தால் மாவாக இருக்கும், ஈரத்தைப் பிடித்துவைக்கும், குதிரைக் குளம்புக்கு மெத்தை. கனமழை பெய்தால் மட்டும் இரண்டு நாள் காய விடவேண்டும். நூறு வருடமாக அப்படித்தான் விட்டார்கள். ஆனால் தொலைக்காட்சிக்காரனுக்கு வியாழன் என்றால் வியாழன்தான். மழை பெய்தாலும் ஓடவேண்டும் என்றார்கள். ஓர் ஆலோசகரை அனுப்பினார்கள். அவர் கால்பந்து மைதானங்கள் போட்டவர். வந்தார், பார்த்தார், மணல் போடுங்கள், தண்ணீர் வடிந்துவிடும் என்றார்.

வண்டலை அரை அடி வெட்டி எடுத்துவிட்டு அதன்மேல் மணல் பரப்பி, புல் பாய் ஒட்டுவது என்று திட்டம். நான் நான்கு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். மணலில் இறங்குகிற தண்ணீர், கீழே இருக்கிற வண்டலைத் தொட்டதும் நின்றுவிடும், வேர் மணலைத் தாண்டிக் கீழே போகாது, மேல் அடுக்கு கழன்றுகொள்ளும் என்று படம் போட்டு விளக்கினேன். 'உங்கள் ஈடுபாட்டுக்கு நன்றி' என்று ஒரு வரியில் பதில் வந்தது. இந்த நாட்டில் அதற்கு, வாயை மூடு என்று பொருள்.

இதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கெடிலத்தில் வெள்ளம் வந்து வடிந்தால் கரையோரக் கொல்லைகளில் மணல் மூடிக் கிடக்கும். அப்பா ஆள் வைத்து அதை வாரிக் கொட்டிய பிறகுதான் ஏர் கட்டுவார். வாராமல் விதைத்தவன் கதையை ஊரே சொல்லிச் சிரிக்கும். எங்கள் ஊரில் வெள்ளம் இலவசமாகச் செய்கிற கெடுதலை, இங்கே டெண்டர் விட்டுச் செய்தார்கள்.

முதல் பந்தய நாளன்று காலையில் கம்பியை இறக்கினேன். எண் அருமையாக வந்தது, வராமல் என்ன, மேலே இருப்பது மணல். மண்வெட்டியை எடுத்து வளைவில் ஓரிடத்தில் வெட்டி, புல்லைப் பிடித்து இழுத்தேன். ஜமுக்காளத்தைச் சுருட்டுகிற மாதிரி சுருண்டு வந்தது. பந்தய அதிகாரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். எண் வரம்புக்குள் இருக்கிறதே என்றார். முதல் பந்தயத்தில், அந்த வளைவில், இரண்டு குதிரைகள் வழுக்கி விழுந்தன. ஒரு ஜாக்கிக்குத் தோள்பட்டை எலும்பு உடைந்தது. அன்றைய பந்தயம் முழுவதும் ரத்தானது. அந்த வருடம் இப்படியே இன்னும் இரண்டு முறை ரத்தானது.

4

மணல் போட்டது தவறா என்று விசாரிக்க ஒரு குழு அமைத்தார்கள். அந்தக் குழுவில் மணல் போடச் சொன்ன ஆலோசகரும் இருந்தார். மணலின்மேல் குற்றமில்லை, அடியில் இருக்கும் மண்தான் இயல்பிலேயே பந்தயத்துக்குத் தகுதியற்றது என்று குழு முடிவுக்கு வந்தது. வெட்டி எடுத்த வண்டல் எங்கே போனது தெரியுமா? ஊர்க் கோடியில் உள்ள தோட்டக் கடைக்கு. 'உயர்தர ஆற்று வண்டல்' என்று பையில் அடைத்து விற்றார்கள். அந்தப் பைகள் கடை அலமாரியில் இருந்த அதே வாரத்தில்தான் இந்த அறிக்கையும் தயாரானது.

மண்ணின்மேல் எதற்கு இவ்வளவு கோபம் என்று நீங்கள் கேட்கலாம். அந்த நிலத்தை ஒரு பழைய பண்ணையார் ஊருக்கு எழுதிவைத்திருக்கிறார். குதிரை ஓடுவதற்கு மட்டுமே, மண் அதற்குத் தகுதியில்லாமல் போனால் ஒழிய விற்கக்கூடாது என்று பத்திரத்தில் இருக்கிறது. அப்படியே விற்பதானாலும் திடலைப் பார்த்துக்கொள்ளும் உள்ளூர் கிளப்பின் உறுப்பினர்கள் கை தூக்க வேண்டும். ஆற்றைப் பார்த்த நிலம். வீடு கட்டி விற்கிறவர்கள் அளந்து பார்த்துவிட்டுப் போய் ரொம்ப நாளாகிறது.

ஆக, மண் கெட்டது என்று மண் படித்த ஒருவன் கையெழுத்துப் போட வேண்டும். ஆலோசகர் போட முடியாது, மணல் போட்டது அவர். அப்போதுதான் தலைமை அலுவலகத்துக்குத் திடீரென்று என் சிதம்பரம் பட்டம் ஞாபகம் வந்தது. பத்தொன்பது வருடமாக எந்தப் பட்டியலிலும் இல்லாத பட்டம். அன்புள்ள குணசேகரன் என்று முழுப் பெயரையும் பிழையில்லாமல் எழுதியிருந்தார்கள். மண்ணறிவியலில் உங்கள் ஆழ்ந்த படிப்பு எங்களுக்குப் பெருமை, மதிப்பெண் பட்டியலைச் சான்றளித்து அனுப்புங்கள், அறிக்கையில் கையெழுத்திடுங்கள் என்று இருந்தது.

கையெழுத்துப் போட்டால் தலைநகருக்குப் பக்கத்தில் இருக்கும் மத்தியத் திடலில் வேலை. போடாவிட்டால் என் ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது, புதுப்பிக்க மாட்டார்கள். இதை அவர்கள் எழுதவில்லை, காபி குடிக்கக் கூப்பிட்டுச் சொன்னார்கள். நான் போடாவிட்டால் நிலத்தை விற்க முடியாது, மணலை எடுத்துவிட்டு வண்டலைத் திரும்பப் போட வேண்டிவரும் என்பதை அவர்கள் சொல்லவில்லை, எனக்கே தெரியும்.

இதில் மாட்டிக்கொண்டிருப்பவள் மோரா. எழுபதை நெருங்குகிறாள். திடலின் பின்வாசலை ஒட்டி லாயமும் ஒரு சின்ன வீடும், கிளப் வாடகைக்கு விட்டது. ஐந்து குதிரைகளைப் பழக்குகிறாள். திடல் போனால் லாயம் போகும், வீடு போகும், குதிரைகளை அவற்றின் சொந்தக்காரர்கள் ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். மற்றப் பயிற்சியாளர்கள் பலகையில் என் எண்ணைப் படித்துக்கொள்வார்கள். மோரா மட்டும் நேரில் வந்து, ஓட்டலாமா குணா என்று கேட்பாள். ஓட்டாதே என்றால் குதிரையைத் திருப்பிக்கொண்டு போவாள். ஏன் என்று கேட்கமாட்டாள். குதிரைகள் விழுந்த அன்று காலையும் வந்து கேட்டாள். வேண்டாம் என்றேன். அவளுடைய குதிரை அன்று ஓடவில்லை.

5

கையெழுத்துக்குக் கெடு வைத்த மாதத்தில் ஊரில் சங்கர் மகளுக்குக் கல்யாணம். போனேன்.

மதிப்பெண் பட்டியலுக்காக முதலில் சிதம்பரம். பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதே மனதைத் திடப்படுத்திக்கொண்டேன். நாலு நாள் அலையவிடுவார்கள், எட்டு கவுண்டர் இருக்கும், சலான் ஒன்று தொலையும், இதையெல்லாம் அங்கே திரும்பிப் போய் நகைச்சுவையாகச் சொல்லலாம் என்று ஒரு கணக்கு. கவுண்டரில் இருந்த அம்மாள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "எந்த வருஷம் சார் பாஸ் அவுட்டு? ஃபார்ம் நெரப்புங்க. சாப்ட்டு வந்துடுங்க, ரெடியா இருக்கும்" என்றார். வந்தேன், இருந்தது. எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது.

"வெளிநாட்டுல புரமோஷனா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நல்லதுங்க. நம்ம படிப்புக்கு அங்க மரியாத இருக்குதே" என்றார். அந்த மரியாதை எதற்கு என்று சொல்லாமல் பட்டியலைப் பைக்குள் வைத்தேன்.

மறுநாள் சங்கர் என்னைக் கடலூர் சில்வர் பீச்சுக்கு இழுத்துக்கொண்டு போனான். அங்கே பிள்ளைகளை ஏற்றிச் சவாரி விட ஒரு குதிரை நின்றது. உயரம், நீளக் கால், மெல்லிய தோல், விலா எலும்பு தெரிந்தது. பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, ஏதோ ஒரு நகரத்தில் பந்தயம் ஓடவிட்டுக் கழித்துவிட்ட குதிரை. எங்கள் வியாழக்கிழமைக்கு வந்தவர்களைவிட அந்த ஒற்றைக் குதிரையைச் சுற்றி நின்றவர்கள் அதிகம். சங்கர் குதிரைக்காரரிடம், "பாய், எம் மச்சான் ஃபாரின்ல குதிரை ஆபீசரு" என்றான். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்டியா. இதுக்கு முன்னங்கால்ல வலி ஜாஸ்தியா இருக்குது, பாத்து சொல்லுங்க" என்றார். நான் காலைப் பார்க்கவில்லை, அது நின்ற மணலைப் பார்த்தேன். "ஈரமா இருக்கிற எடத்துல ஓட்டுங்க பாய், காஞ்ச மணல்ல கால் பொதைஞ்சி நரம்பு இழுக்குது" என்றேன். "நெசமாவா? ஒருத்தனும் சொல்லலியே" என்று உடனே தண்ணீர் ஓரமாகப் பிடித்துக்கொண்டு போனார். ஒரு நாட்டின் தலைமை அலுவலகமே நான்கு பக்கம் படித்தும் கேட்காததை, இவர் ஒரே வார்த்தையில் கேட்டுக்கொண்டார்.

கல்யாணம் திருவந்திபுரத்தில். அன்றைக்கு முகூர்த்த நாள், கோயிலில் திரும்பின பக்கமெல்லாம் மாலையும் கழுத்துமாக மணமக்கள். சாப்பாடு முடிந்து மறுநாள், தொழிற்சாலைகளை ஒட்டிய குடிகாடு என்ற ஊரில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போனேன். சங்கரின் அப்பா, என் தாய்மாமன். சர்வே ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். காற்று தொழிற்சாலைப் பக்கம் இருந்து வீசியதால் ஜன்னலைச் சாத்திவிட்டு ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்.

அவரிடம் போனதற்குக் காரணம் இருக்கிறது. என் சின்ன வயதில், பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு தனியார் கம்பெனி நிலம் வாங்கியபோது, மாமா மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விளைந்த கொல்லைகளைத் தரிசு என்று எழுதிக் கொடுத்தார் என்று வீட்டில் அரசல் புரசலாகப் பேசுவார்கள். அப்பா அதற்காக மாமாவிடம் இரண்டு வருடம் பேசவில்லை. நானும் கல்லூரி நாட்களில் சோற்றுக்கு மண்ணை விற்றவர் என்று அவரை மனதுக்குள் காறித் துப்பியிருக்கிறேன். இப்போது அறிக்கையைப் பற்றி அவரிடம் சொன்னேன்.

"போட்டுட்டுப் போடா" என்றார்.

"பொய் மாமா அது. நல்ல மண்ணு."

"நல்ல மண்ணுதான். நான் எழுதுனதுகூட நல்ல மண்ணுதான். மல்லாட்டை அப்புடி வெளையும்." மறைக்கவில்லை, தயங்கவும் இல்லை. "நான் எழுதலன்னா வேற எவனாவது எழுதியிருப்பான். என்னைத் தூக்கி ராமநாதபுரத்துல போட்டிருப்பாங்க."

"அந்த ஆளுங்க உங்களைக் கேக்கலியா?"

"யாரும் கேக்கல. எல்லாரையும் தெரியும் எனக்கு. சங்கரு கல்யாணத்துக்குப் பத்திரிக்க வெச்சேன், வந்தாங்க, சாப்ட்டாங்க, போனாங்க. சர்க்கார் ஆளு அளந்து எழுதியிருக்காரு, சரியாத்தான் இருக்கும்னு நெனைச்சிக்கிட்டாங்க." ஃபேனை இன்னும் ஒரு புள்ளி கூட்டிவைத்தார். "சண்டைக்கு வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

நான் எழுந்துவிட்டேன். வாசல்வரை வந்தவர், "பொண்ணு படிப்பு இருக்குதுல்ல. யோசிச்சி செய்யி" என்றார். அன்று பஸ்ஸில் வரும்போது, இந்த மனிதரின் ரத்தம் எனக்குள்ளும் ஓடுகிறதே என்று எனக்கு அருவருப்பாக இருந்தது. சத்தியமாக இருந்தது. அப்படி ஓர் உயரத்தில் இருந்தேன்.

6

திரும்பி வந்ததும் என் மகள் இனியாவிடம் பேசினேன். பதினேழு வயது. தமிழ் புரியும், பேசினால் வினைச்சொல் எல்லாம் வழியில் விழுந்துவிடும். ஊருக்கு வரமாட்டேன் என்று முன்பே சொல்லியிருந்தாள், பரீட்சை. கல்யாணப் புகைப்படங்களைக் காட்டினேன், இரண்டு விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பீச் குதிரையின் படம் வந்ததும் நின்றாள்.

"இது என்ன இவ்ளோ ஒல்லி? சாப்பாடு இல்லையா?"

"ரேஸ் ஓடின குதிரைம்மா."

"ரேஸ் க்ளோஸ் பண்றது குட் தானே அப்பா. நீங்க ஏன் அப்செட்? குதிரைக்கு யாரும் கேக்கல, ஓடறியான்னு."

அவள் சொல்வதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. நான் அந்தத் திடலில் கால் முறிந்து விழுந்த குதிரைகளைப் பார்த்திருக்கிறேன், திரை கட்டி மறைத்து ஊசி போட்டுக் கொல்வதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அவள் சொன்னது பந்தயத்தைப் பற்றி. என் முன்னால் இருந்த தாள் மண்ணைப் பற்றியது. இரண்டும் வேறு என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், அவள் சொன்னதை எடுத்து எனக்குச் சாதகமாக மடித்து வைத்துக்கொண்டேன். எப்படியும் ஒழிய வேண்டிய தொழில், என் மகளே சொல்கிறாள், ஒரு கையெழுத்தில் என்ன கெட்டுப்போகும்? வருடத்துக்கு நாலு வாக்கியம் என்னோடு பேசுகிற பிள்ளையின் மனச்சாட்சியை, அவளைக் கேட்காமலே கடன் வாங்கினேன்.

வீட்டுக் கடன் இருக்கிறது, இனியா பல்கலைக்கழகம் போக வேண்டும், ஐம்பது வயதில் எவன் வேலை தருவான். இதெல்லாம் உண்மைதான். மாமாவும் உண்மையைத்தான் சொன்னார்.

அறிக்கையைத் திறந்தேன். நாற்பது பக்கம். யாரும் எதையும் செய்ததாக ஒரு வரிகூட இல்லை. மணல் பரப்பப்பட்டது, வழுக்கல் காணப்பட்டது, தகுதியின்மை அறியப்பட்டது. எழுதத் தெரிந்தவர்கள். கடைசிப் பக்கத்தில் என் பெயர், என் பட்டம், சிதம்பரம் என்று அழகான எழுத்தில். கையெழுத்துப் போட்டேன். கை நடுங்கியது என்றெல்லாம் எழுதினால் உங்களுக்கு என்மேல் கொஞ்சம் இரக்கம் வரும். நடுங்கவில்லை.

7

உறுப்பினர் கூட்டம் கிளப் கூடத்தில் நடந்தது. அறுபது எழுபது பேர் வந்திருந்தார்கள், பந்தயத்துக்கு வராதவர்கள்கூட. தலைமை நிர்வாகி படம் போட்டுப் பேசினார். நான் மேடையில் மூன்றாவது நாற்காலியில். பத்தொன்பது வருடத்தில் என்னை அந்த மேடையில் ஏற்றியது அதுதான் முதல் தடவை.

கீழே முணுமுணுப்பு இருந்தது. மணல் போட்டவர்களை விட்டுவிட்டு மண்ணைக் குறை சொல்கிறீர்களே என்று பின்வரிசையில் ஒருவர் கத்தினார், நான்கைந்து பேர் கை தட்டினார்கள். கூட்டம் கைமீறிப் போகும்போல இருந்தது. தலைமை நிர்வாகி என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் எதிரே இருந்த தண்ணீர்ப் புட்டியைப் பார்த்தேன்.

அப்போது மோரா எழுந்தாள். லாயத்தில் இருந்து நேராக வந்திருந்தாள், கால்சட்டையில் வைக்கோல். கூடம் அடங்கியது, அவளுக்கு அங்கே அப்படி ஒரு மதிப்பு. அவள் நிர்வாகியைப் பார்க்கவே இல்லை. குணா, நம் மண் சரியில்லையா என்று கேட்டாள்.

பந்தயக் காலைகளில் கேட்கிற அதே சாதாரணக் குரல். இல்லை மோரா, நல்ல மண், இவர்கள்தான் கெடுத்தார்கள் என்று சொல்ல எனக்கு மூன்று நொடி போதும். அந்த மூன்று நொடியும் எனக்குக் கிடைத்தது. யாரும் குறுக்கே பேசவில்லை.

எல்லாம் அறிக்கையில் இருக்கிறது என்றேன்.

அவள் தலையாட்டினாள். திரும்பி, பின்வரிசைக்காரரைப் பார்த்து, குணா சொன்னால் சரியாகத்தான் இருக்கும், அவர் ஒருநாளும் எனக்குத் தப்பாகச் சொன்னதில்லை என்றாள். வாக்கெடுப்பில் முதலில் உயர்ந்தது அவள் கை. அதைப் பார்த்து மற்றக் கைகள் உயர்ந்தன. எண்ணி முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

இத்தனை பக்கமும் தலைமை நிர்வாகியை, ஆலோசகரை, குழுவை, மாமாவை எல்லாம் ஏளனம் செய்து எழுதிவிட்டேன். எழுதியதில் ஒன்றும் பொய்யில்லை. இன்று நான் மத்தியத் திடலில் வேலை செய்கிறேன். அங்கே ஓடுபாதை மெழுகு தடவிய மணலும் பிளாஸ்டிக் நாரும் கலந்தது. மண் என்று ஒன்று கிடையாது. அறை வாசலில் 'மண் அதிகாரி' என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதை ஊர்க்காரர்களிடமாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் இவ்வளவும்.

கூட்டம் முடிந்து வண்டிக்குப் போகும்போது மோரா பின்னாலேயே வந்தாள். வீட்டைப் பற்றிக் கேட்பாள், லாயத்தைப் பற்றிக் கேட்பாள், திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் குதிரைகள் விழுந்தபோது, பராமரிப்பில்தான் ஏதோ தவறு என்று மற்றவர்களோடு சேர்ந்து நானும் ஓரிரு முறை உன்னைக் குறை பேசியிருக்கிறேன், இப்படி ஒரு மோசமான மண்ணை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் நீ எவ்வளவு பாடுபட்டிருப்பாய், எனக்குத் தெரியாமல் போய்விட்டது, என்னை மன்னித்துவிடு என்றாள்.

பரவாயில்லை என்றேன்.